ராத்திரி ஹைவேல வண்டி ஓட்டும்போது கண்ணு முன்னால ஒரு தீக்கோளம், வேற யாராவது பாத்தீங்களா?

டிசம்பர் 9, இரவு 11:40

இன்னைக்கு 9:40 வாக்குல தெற்கு பாத்து ஹைவேல போய்ட்டு இருந்தேன், பக்கத்து சீட்டுல தங்கச்சி பாதி தூக்கத்துல இருந்தா. வலது பக்கம் மேல இருந்து ஒண்ணு கிளம்புச்சு, முதல்ல சாதாரண எரிநட்சத்திரம் மாதிரி ஒரு கோடு தான், நான் பாத்துட்டே இருக்கும்போதே அது பெருசாகி பெருசாகி பச்சை வெளிச்சமா வெடிச்சு, ஆரஞ்சு கலர்ல வாலு இழுத்துக்கிட்டு, கண்ணாடிக்கு குறுக்க சாஞ்சு இடது பக்கமா இறங்கி, கடைசில ரெண்டு மூணு துண்டா பிரிஞ்சு மரங்களுக்கு பின்னால போய் அணைஞ்சுது. ஒரு பத்து செகண்ட் இருக்கும். ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி தான் விழுந்திருக்கணும்னு தோணுது, அவ்வளவு பக்கம். ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் கூட கேட்ட மாதிரி இருந்துச்சு.

வயசு நாப்பது ஆகுது, இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல. இன்னும் கை நடுங்குது. வேற யாராவது பாத்திருந்தா எந்த பக்கம் பாத்து நின்னீங்க, எவ்வளவு உயரத்துல தெரிஞ்சுது, சரியா எத்தனை மணின்னு எழுதுங்க.

டிசம்பர் 9, இரவு 11:58

ஒண்ணு விட்டுட்டேன். வெடிச்ச அந்த நொடி காருக்குள்ள நிழல் நகந்துச்சு. டேஷ்போர்டு மேல வைப்பரோட நிழல் கோடு மாதிரி விழுந்து, வலதுலேர்ந்து... இல்ல, இடதுலேர்ந்து வலதுக்கு ஊர்ந்து போச்சு. வெளிச்சம் இடது பக்கம் போனா நிழல் வலது பக்கம் தானே போகணும், சரியா தான் இருக்கு. ஸ்டியரிங் பிடிச்சிருந்த என் விரலோட நிழல் கூட என் சட்டை மேல விழுந்துச்சு. எதிர்ல ஒரு வண்டியும் இல்ல, அதனால ஹெட்லைட்டுன்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு, என்னையறியாம பிரேக்குல கால் வச்சுட்டேன். பின்னால ஒரு லாரி, நீளமா ஹாரன் அடிச்சான், அவன் மேல தப்பே இல்ல. அறுநூறு எழுநூறு மீட்டர் போய் தான் ஓரமா நிறுத்துனேன். வானத்துல என்ன நடந்தாலும் லேன்ல வேகத்தை குறைக்காதீங்க, அது கொஞ்ச செகண்டுல முடிஞ்சுடும், பின்னால வர்றவன் அதை பாக்காமலே இருக்கலாம்.

டிசம்பர் 10, காலை 6:20

தூக்கமே வரலை, நாலு மணிக்கு எந்திரிச்சு டேஷ்கேம் (கார் முன்னால ரோட்டை வீடியோ எடுக்குற கேமரா) கார்டை கழட்டி பாத்தேன். இருக்கு! நல்லவேளை, இன்னும் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டியிருந்தா அதுவே மேல எழுதி அழிச்சிருக்கும். டேஷ்கேம் வச்சிருக்கவங்க யாராவது இப்படி பாத்தா, ஓரமா நிறுத்தினதும் முதல் வேலையா வீடியோ அழியாம பூட்டி வைக்கிற லாக் பட்டனை அமுக்குங்க. எனக்கு அது தோணவே இல்ல.

இப்போ திருத்தம். பத்து செகண்டுன்னு எழுதியிருந்தேன்ல, ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி எண்ணினேன், கோடு தெரிய ஆரம்பிச்சதுலேர்ந்து அணையுற வரைக்கும் 118 ஃப்ரேம். செகண்டுக்கு 30 ஃப்ரேம் எடுக்குற கேமரா, அப்போ நாலு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. என் மனசுல இப்பவும் அது பத்து செகண்டா தான் ஓடுது. சத்தியமா சொல்றேன், வீடியோ இல்லாம யாராவது நாலு செகண்டுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்.

கேமராவோட கடிகாரமும் தப்பு. போனோட ஒப்பிட்டு பாத்தா 2 நிமிஷம் 40 செகண்ட் முன்னால ஓடுது. அதை கழிச்சா சரியான நேரம் 9:37:50. 9:40ன்னு மேல எழுதினதை மாத்தல, அப்படியே கிடக்கட்டும், முதல்ல என்ன நினைச்சேன்னு தெரியணும்.

டிசம்பர் 10, மதியம் 1:15

மரத்துக்கு பின்னால ரெண்டு மூணு கிலோமீட்டர்ல விழுந்துச்சுன்னு எழுதினேனே, அதை வாபஸ் வாங்குறேன். உக்காந்து கணக்கு போட்டேன்.

இந்த மாதிரி கல்லு எரிய ஆரம்பிக்கிறது தரைலேர்ந்து கிட்டத்தட்ட 100 கி.மீ. மேல. ரொம்ப பெரிய தீக்கோளம் 30, 40 கி.மீ. வரைக்கும் இறங்கும், அதுக்கு கீழ வெளிச்சமா வர்றது அபூர்வம். என்னோடது 60 கி.மீ. உயரத்துல அணைஞ்சதா வச்சுக்குவோம். அணைஞ்ச இடம் அடிவானத்துலேர்ந்து 20 டிகிரி மேலன்னு ஒரு உத்தேசம். அப்படின்னா அதுக்கு நேர் கீழ இருக்குற தரை என்கிட்டேருந்து சுமார் 160 கி.மீ. தூரத்துல! ரெண்டு கிலோமீட்டர் எங்க, நூத்தி அறுபது எங்க.

ஏன் எல்லாருக்குமே "பக்கத்து வயல்ல விழுந்துச்சு"ன்னு தோணுதுன்னா, கண்ணுக்கு அளவு பிடிக்க வானத்துல ஒண்ணுமே இல்ல. மரம் பக்கத்துல இருக்கு, வெளிச்சம் மரத்துக்கு பின்னால மறையுது, அப்போ மரத்தை ஒட்டி தான் இருக்கும்னு மூளை முடிவு பண்ணிடுது. மரத்துக்கு பின்னாலங்குறது உண்மை தான், எவ்வளவு பின்னாலன்னு தான் தெரியல.

டிசம்பர் 10, மாலை 5:05

தங்கச்சி இப்போ தான் சொல்றா, "அண்ணா, அது பச்சை இல்ல, நீலம்." வீடியோல பாத்தா வெறும் வெள்ளை, நடுவுல சென்சாரே நிரம்பி கலர் போயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே கண்ணாடி வழியா தான் பாத்தோம், ஆனா மேல் ஓரத்துல இருக்குற கருப்பு டின்ட் அவ உக்காந்திருந்த கோணத்துக்கு குறுக்க வந்திருக்கலாம். மெக்னீசியம் ஆவியாகும்போது நீலப்பச்சை வரும், சோடியம் ஆரஞ்சு மஞ்சள், இரும்பு மஞ்சள், காத்துல இருக்குற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சிவப்பு. அப்போ நீலப்பச்சைன்னு பொதுவா எழுதிக்கலாம்னு ரெண்டு பேரும் ராசியாயிட்டோம்.

டிசம்பர் 10, இரவு 10:30

சத்தம் பத்தி தான் நாலு பேர் கேட்டிருக்கீங்க. இதை கொஞ்சம் நிதானமா எழுதணும்.

ஒலி ஒரு கிலோமீட்டர் வர கிட்டத்தட்ட 3 செகண்ட் ஆகும். நான் போட்ட கணக்குப்படி அது சாய்வா 170 கி.மீ. தூரத்துல, அப்போ வெடிச்ச சத்தம் என்கிட்ட வர எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுவும் வந்து சேர்ந்தா. வெளிச்சத்தோட சேர்ந்தே கேட்ட ஸ்ஸ்ஸ் அது கிடையவே கிடையாது. டேஷ்கேம்ல மைக் இருக்கு, ஹெட்போன் போட்டு அந்த நாலு செகண்டை இருபது முப்பது தடவை கேட்டேன், டயர் சத்தம், ஏசி சத்தம், தங்கச்சி "ஹா"ன்னு மூச்சு இழுக்குறது, அவ்வளவு தான். அந்த "ஹா"வை தான் நான் ஸ்ஸ்ஸ்னு ஞாபகம் வச்சிருக்கேனோ என்னமோ.

ஆனா இப்படி கூடவே சத்தம் கேட்டதா சொல்றவங்க எல்லாரும் கற்பனை பண்றாங்கன்னு தள்ளிடவும் முடியாது. நூத்துக்கணக்கான வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. 2017ல அமெரிக்காவோட சாண்டியா ஆய்வகத்துல ஒரு விளக்கம் குடுத்தாங்க: ரொம்ப பிரகாசமான தீக்கோளத்தோட வெளிச்சம் படபடன்னு துடிக்கும், அந்த துடிப்பு தலைமுடி, இலை, கருப்பு துணி மாதிரி பொருளை சட்டு சட்டுனு சூடாக்கி ஆற வைக்கும், அதுல பக்கத்து காத்து அதிர்ந்து லேசா சத்தம் வரும்னு. அதுக்கு முழு நிலா அளவு வெளிச்சமாவது வேணும். கார் ஜன்னலை மூடிட்டு, ஏசி போட்டுட்டு 80ல போறவனுக்கு அது கேக்க வழியே இல்ல. என் சத்தத்தை நான் அழிச்சுக்குறேன்.

லேட்டா வர்ற அந்த நிஜ சத்தத்தை லேசா எடுத்துக்காதீங்க. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க், காலைல 9:20. கிட்டத்தட்ட 20 மீட்டர் அகல கல்லு, செகண்டுக்கு 19 கி.மீ. வேகம், 30 கி.மீ. உயரத்துல வெடிச்சுது. வெளிச்சத்தை பாத்துட்டு என்னன்னு பாக்க ஜனங்க ஜன்னல் கிட்ட போய் நின்னாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல கழிச்சு அதிர்ச்சி அலை வந்து கண்ணாடி பூரா உடைஞ்சு மூஞ்சில அடிச்சுது. சுமார் 1,500 பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க, பெரும்பாலும் கண்ணாடி கிழிச்ச காயம். சூரியன் மாதிரி ஒண்ணு வானத்துல போறதை என்னைக்காவது பாத்தா ஜன்னலை விட்டு விலகி வந்துடுங்க, புள்ளைங்களையும் இழுத்துக்குங்க. ஒரு அஞ்சு நிமிஷம்.

டிசம்பர் 10, இரவு 10:50

அந்த செல்யாபின்ஸ்க் கல்லோட பாதையை கண்டுபிடிச்சதே கார் டேஷ்கேமும் தெருவுல இருந்த கேமராவும் வச்சு தான். ஒரு வீடியோல வெளிச்சமே தெரியாது, கம்பத்தோட நிழல் தரைல சுத்துறது மட்டும் தெரியும், அந்த நிழல் நீளத்தை அளந்தே திசை கண்டுபிடிச்சாங்க. நேத்து வைப்பர் நிழல் பத்தி எழுதும்போது இது எனக்கு ஞாபகமே இல்ல.

டிசம்பர் 11, காலை 8:10

"அது எரிகல்லே இல்ல, பழைய சாட்டிலைட் விழுந்திருக்கும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். நானும் முதல் நாள் அப்படி யோசிச்சேன், துண்டு துண்டா பிரிஞ்சதால. ஆனா சாட்டிலைட் குப்பை செகண்டுக்கு 8 கி.மீ. கூட வராது, கிட்டத்தட்ட படுக்கை வாட்டுல வரும், அதனால அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு வானத்தை கடந்து போகும், போனை எடுத்து வீடியோ பிடிக்க நேரம் இருக்கும். எரிகல்லுக்கு குறைஞ்ச வேகமே 11 கி.மீ., அதிகபட்சம் 72. நாலு செகண்டுல எரிஞ்சு முடிஞ்சது குப்பையா இருக்க வாய்ப்பு கம்மி.

இன்னொருத்தர் ஜெமினிட்னு (வருஷா வருஷம் டிசம்பர்ல வர்ற எரிநட்சத்திர மழை) அடிச்சு சொல்றார், டிசம்பர் மாசம்ங்குறதால. அதை கொஞ்சம் பாப்போம். ஜெமினிட் எல்லாம் மிதுன ராசில காஸ்டர் நட்சத்திரத்துக்கு பக்கத்துலேர்ந்து கிளம்பி வர்ற மாதிரி தெரியும், ராத்திரி ஒன்பதரைக்கு அது கிழக்குல இருக்கும். நான் தெற்கு பாத்து போனேன், கிழக்கு என் இடது பக்கம். என் எரிகல்லு வலதுலேர்ந்து இடதுக்கு வந்துச்சு, அதாவது மேற்குலேர்ந்து கிழக்கு. கோட்டை பின்னால இழுத்துட்டு போனா மிதுனத்துக்கு நேர் எதிர் பக்கம் போகுது. ஜெமினிட் இல்ல. எந்த கூட்டத்தையும் சேராத தனிக்கல்லு.

சாயங்கால நேரத்து எரிகல்லுங்க பொதுவா மெதுவா தான் வரும், எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம். பூமி சூரியனை சுத்தி செகண்டுக்கு 30 கி.மீ. வேகத்துல ஓடுது. நடுராத்திரி தாண்டினா நாம பூமியோட முன் பக்கத்துல இருக்கோம், எதிர்ல வர்றது மோதும், ஓடுற வண்டியோட முன் கண்ணாடில மழை அடிக்கிற மாதிரி. சாயங்காலம் பின் பக்கத்துல இருக்கோம், பின்னால துரத்தி வந்து பிடிக்கிறது மட்டும் தான் நமக்கு கிடைக்கும். ஒன்பதரை மணிக்கு ஆற அமர நாலு செகண்ட் வந்த கல்லு அப்படி துரத்தி வந்த கல்லா தான் இருக்கணும்.

டிசம்பர் 11, மதியம் 12:40

வால்நட்சத்திரம்னு எழுதுறவங்களுக்கு: அது வேற. அது பல நாள் வானத்துல நிக்கும், அசையுறதே தெரியாது. நான் பாத்தது எரிநட்சத்திரம். வெள்ளி கிரகத்தை விட பளிச்சுனு இருந்தா தீக்கோளம்னு சொல்லுவாங்க. தரைக்கு வந்து சேர்ற துண்டு விண்கல்.

டிசம்பர் 12, மாலை 6:45

இன்னைக்கு லீவு போட்டுட்டு அந்த இடத்துக்கே போனேன். தங்கச்சியும் வந்தா. வீடியோல சாலையோரம் ஒரு கிலோமீட்டர் கல்லும் அதை ஒட்டி சாஞ்ச ஒரு கம்பமும் தெரியும், அதை வச்சு இடத்தை பிடிச்சாச்சு. பகல்ல பாத்தா எவ்வளவு சாதாரண இடம்.

முதல்ல கார்ல உக்காந்தபடியே போன் காம்பஸ்ல திசை பாத்தேன். கீழ இறங்கி பத்தடி தள்ளி நின்னு மறுபடி பாத்தா 25 டிகிரி வித்தியாசம்! கார் இரும்பு காம்பஸை இழுத்துடுது. வண்டிக்குள்ள எடுத்த திசையை நம்பி ரிப்போர்ட் அனுப்பியிருந்தா அணைஞ்ச இடம் எங்கயோ போயிருக்கும்.

உயரம் அளக்க கருவி ஒண்ணும் வேணாம். கையை நேரா நீட்டி முஷ்டி பிடிச்சா அதோட அகலம் 10 டிகிரி, சுண்டு விரல் 1 டிகிரி. அடிவானத்துலேர்ந்து முஷ்டி மேல முஷ்டி அடுக்கிட்டு போகணும். நான் அளந்தேன், அவ அளந்தா, அணைஞ்ச இடம் ஒரு முஷ்டியும் நாலு விரலும். 14 டிகிரி. இருபது இல்ல. அப்போ முந்தாநாள் போட்ட கணக்கும் போச்சு: தரை தூரம் 160 இல்ல, 225 கி.மீ. பக்கம். சத்தம் வர எட்டு நிமிஷம் இல்ல, பதினொண்ணு. ஆறு டிகிரி தான் தப்பு, அதுக்கு அறுபத்தஞ்சு கிலோமீட்டர்.

சர்வதேச எரிநட்சத்திர அமைப்போட (International Meteor Organization) இணையதளத்துல தீக்கோளம் பாத்தவங்களுக்கு ஒரு படிவம் இருக்கு, இப்போ தான் நிரப்பி அனுப்பினேன். எங்க நின்னீங்க, எந்த பக்கம் பாத்தீங்க, எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுது, எத்தனை செகண்ட், கலர், சத்தம். என்னோட ஒரு கோடு மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல, இருநூறு முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொருத்தர் பாத்த கோடும் வேணும், ரெண்டும் வெட்டிக்கிற இடம் தான் அது நிஜமா இருந்த இடம். அதனால தான் திரும்ப திரும்ப கேக்குறேன், பாத்தவங்க சும்மா இருக்காதீங்க, "நான் என்ன பெரிய விஞ்ஞானியா"ன்னு விட்டுடாதீங்க.

டிசம்பர் 12, இரவு 9:20

விஞ்ஞானின்னதும் ஞாபகம் வந்துச்சு. வானத்துலேர்ந்து கல்லு விழும்னு குடியானவங்க சொன்னதை படிச்சவங்க ரொம்ப காலம் நம்பலை. 1794ல சிளாட்னின்னு ஒரு ஜெர்மன்காரர் அது உண்மைன்னு புத்தகம் எழுதினப்போ கேலி பண்ணினவங்க தான் ஜாஸ்தி. 1803 ஏப்ரல் 26, பிரான்ஸ்ல லேகிள்ங்குற ஊர் பக்கம் ஆயிரக்கணக்குல கல்லு கொட்டுச்சு. பியோன்னு ஒரு இளம் விஞ்ஞானியை அனுப்பினாங்க. அவர் ஊர் ஊரா நடந்து போய் பாத்தவங்களை தனித்தனியா விசாரிச்சு, கல்லு விழுந்த இடத்தையெல்லாம் வரைபடத்துல குறிச்சார், அது நீள்வட்டமா வந்துச்சு. அதுக்கப்புறம் யாராலயும் மறுக்க முடியலை. பாத்த ஜனங்களோட வார்த்தை தான் அங்க ஆதாரம்.

நம்ம பக்கமும் பாருங்க. புறநானூறு 229, கூடலூர் கிழார் பாட்டு. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறக்குறதுக்கு ஏழு நாள் முன்னால ஒரு நட்சத்திரம் விழுந்ததை பாத்து புலவர் பயந்து போய், மன்னன் இறந்ததும் பாடினது. பயம் இருக்கு, துக்கம் இருக்கு, ஆனா அந்த துக்கத்துலயும் பங்குனி மாசம், பாதி ராத்திரி, எந்த நட்சத்திரம் உச்சிலேர்ந்து சாஞ்சுது, எது எதிர்ல ஏறுச்சு, எது மறைஞ்சுதுன்னு குறிச்சு வச்சிருக்கார், விழுந்தது கிழக்கயும் போகலை வடக்கயும் போகலைன்னு திசையும் சொல்லிட்டார். இன்னைக்கு நான் நிரப்பின படிவத்துல கேட்ட பாதி கேள்விக்கு அந்த பாட்டுல பதில் இருக்கு. படிச்சப்போ மயிர்க்கூச்செறிஞ்சுது.

டிசம்பர் 13, காலை 7:30

இது விண்கல்லான்னு கேட்டு கருப்பு கல்லு போட்டோ போட்டவருக்கு. அதுல நிறைய ஓட்டை தெரியுது, ஸ்பான்ஜ் மாதிரி. அது பெரும்பாலும் இரும்பு உருக்குற உலையோட கழிவா இருக்கும். புதுசா விழுந்த விண்கல் மேல மெல்லிசா கருப்பு தோல் இருக்கும், ஓட்டை இருக்காது, களிமண்ணுல கட்டை விரலால அமுக்கின மாதிரி பள்ளம் வேணா இருக்கலாம். காந்தம் வச்சு பாக்குறேன்னு பலமான காந்தத்தை ஒட்டாதீங்க, நிஜ விண்கல்லா இருந்துட்டா அதுல கோடிக்கணக்கான வருஷமா இருக்குற காந்தப் பதிவு அழிஞ்சு போயிடும். அப்புறம், எரிஞ்சுக்கிட்டே தரைக்கு வரும்னு நினைக்காதீங்க. அணைஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குற துண்டு பல நிமிஷம் இருட்டுல சாதாரண கல்லா தான் விழும், மேல காத்து ஜில்லுன்னு இருக்கும், ஆறிடும். புல்லு பத்திக்காது.

1992 அக்டோபர் 9 அமெரிக்காவுல பீக்ஸ்கில்ல நிறுத்தி வச்சிருந்த கார் டிக்கியை உடைச்ச 12 கிலோ கல்லை ஞாபகம் வச்சுக்குங்க. அன்னைக்கு புள்ளைங்க ஆடுற ஃபுட்பாலை படம் எடுக்க போன அப்பா அம்மாவெல்லாம் கேமராவை வானத்துக்கு திருப்பினதால தான் அந்த கல்லு சூரியனை சுத்தின பாதையே தெரிஞ்சுது.

டிசம்பர் 14, அதிகாலை 12:30

ஜெமினிட் உச்சம்ங்குறதால நேத்து ராத்திரி அதே இடத்துக்கு போனோம். ரோட்டை விட்டு நல்லா உள்ள தள்ளி நிறுத்தி, விளக்கெல்லாம் அணைச்சு, இருபது நிமிஷம் போனையே பாக்காம உக்காந்தோம், கண்ணு இருட்டுக்கு பழக அவ்வளவு நேரம் வேணும். டேஷ்கேம் கடிகாரத்தை சரி பண்ணியாச்சு. தங்கச்சி மடியில நோட்டு, சிவப்பு பேப்பர் சுத்தின டார்ச்.

முதல்ல வந்தது சின்னது. இடது பக்கம் கிழக்குலேர்ந்து கிளம்பி தலைக்கு மேல போச்சு, வெள்ளை, ஒரு செகண்ட் கூட இல்ல. கோட்டை பின்னால இழுத்து பாத்தோம், நேரா காஸ்டர் கிட்ட போய் நின்னுச்சு. "எழுதிக்கவா அண்ணா"ன்னா. 10:52:14. எழுதிட்டா. அவ எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது.